முன்னைய உரிமையாளர்

ஒன்பது மணிக்கே ஏரி நாறத் தொடங்கிவிட்டது.
இருபத்திரண்டு வருஷம் காணி அளக்கிறேன்,
கண்ணைக் கட்டிவிட்டாலும்
கொழும்பின் எந்த முடுக்கு என்று மூக்குச் சொல்லும்.

இன்றைக்கு ஜாவா லேனில் ஒரு வீடு.
ஒன்று தசம் எட்டுப் பேர்ச்.
குசினிக் கூரை அடுத்தவன் காணிக்குள்
அரை அடி நீட்டி நிற்கிறது.
வீட்டுக்காரர் துவான் சல்தீன் கிச்சிலான்
நாடாவின் மறுமுனையைத் தானே வந்து பிடித்தார்.
உடைக்கப்போகிற வீட்டை அளக்க வந்தவளுக்கு
இவ்வளவு உதவி தேவையில்லை.
"இறுக்கிப் பிடிக்கிறன் மிஸ்.
ஒரு அங்குலமும் அரசாங்கத்துக்குச் சும்மா போகப்படாது."

பிளேன்டீ வந்தது. கூடவே ஒரு கேள்வியும்:
எங்களுக்கு முந்தி இங்க ஆர் இருந்தது?

படிவத்திலும் அதே கேள்விதான், ஏழாம் நிரல்.

கந்தோரில்
(அதுவும் ஒல்லாந்தன் விட்டுப்போன சொல்)
நாலு வரைபடங்களை ஒன்றின்மேல் ஒன்று வைத்து
யன்னலில் பிடித்தேன்.
கிச்சிலானின் வீடு.
அதற்கடியில் ஒரு வாடி,
படையில் இருந்து இளைப்பாறிய பூட்டனுக்கு
இங்கிலீசுக்காரன் எழுதிக்கொடுத்தது.
அதற்கடியில் முடிக்குரிய காணி.
அதற்கும் அடியில் மங்கிய மை,
மூன்று பக்கம் தண்ணீர்,
நடுவில் கோடு கோடாய் ஒரு வெற்று நிலம்.

ஒல்லாந்தன் எண்ணாமல் விடுகிறவன் இல்லை.
தோம்பில் பலாமரம் இருக்கும்,
காய்க்காத தென்னையும் இருக்கும்.
இந்த மண்ணில் படுத்தெழும்பியவர்களை மட்டும் காணவில்லை.

தேடினால் வேறொரு ஏட்டில் இருக்கிறார்கள்:
கயிறு, தார்ப் பீப்பா, உடைந்த நங்கூரம் இரண்டு,
மொசாம்பிக்கால் வந்த ஆள் ஒன்று, பல் நல்லது,
பேர் ஒக்தோபர்.

கப்பல் வந்த மாசமாக இருக்கும்.
தாய் வைத்த பேருக்கு நிரல் இல்லை.

பகலில் கோட்டைக்குக் கல் சுமந்து
பொழுதுபடத் தோணியில் திரும்பி
வரிசையில் நின்று எண்ணப்பட்டுப் படுத்தவன்.
தப்பினால் ஏரியில் முதலை என்பார்களாம்.
முதலை இருந்ததோ இல்லையோ
கதை இருந்தது, அது காணும்.

உரிமையாளர் நிரலில் அவனை எப்படி எழுத?
அவன் அடுத்த நிரல்:
உடைமை விபரம்.

இந்த இடத்துக்குப் பேர் விழுந்த விதத்தைப் பாருங்கள்.
சிங்களத்தில் கொம்பஞ்ஞ வீதிய.
தமிழில் கொம்பனித் தெரு.
எந்தக் கொம்பனி என்று கேட்டால் ஆளுக்கொரு கதை.
அடிமைத் தீவு என்று சொன்னது இங்கிலீசு மட்டும்,
ரயில் நிலையப் பலகையில், மூன்றாம் வரியில்,
வெட்கமில்லாமல்.
வெட்கப்பட்ட நாங்கள்
அடைத்தவன் பேரைச் சொல்லிப் பழகிக்கொண்டோம்.

ஏழாம் நிரலில் 'தெரியாது' என்று எழுதி அனுப்பினேன்.
திரும்பி வந்தது. சிவப்பு மையில்:
தெரியாது என்பவர் உரிமையாளர் அல்லர்.

எனக்கு விளங்கும்.
எண்பத்துமூன்றில் வெள்ளவத்தையில்
எங்கள் வீட்டோடு உறுதியும் எரிந்தது.
தன் வீடு தன்னுடையதுதான் என்று
அப்பா பத்து வருஷம்
கந்தோர் கந்தோராய்ச் சொல்லித் திரிந்தார்.

போன கிழமை கிச்சிலான் போன் எடுத்தார்.
மாடி வீடு கிடைத்துவிட்டதாம், பதினாலாம் தட்டு.
"ஏரி தெரியுமா மிஸ்?"
தெரியும்.
"நாறுமா?"
அவ்வளவு உயரத்துக்கு வராது.
கொஞ்ச நேரம் மூச்சுச் சத்தம் மட்டும்.
"அப்ப, முந்தி இருந்த ஆளைக் கண்டுபிடிச்சீங்களா?"

லைன் சரியில்லை என்றேன்.

பின்னேரம் நாலு மணிக்குப் படிவத்தை எடுத்தேன்.
பேனா ஒன்றும் தடக்கவில்லை.
ஏழாம் நிரலில், தமிழில்,
வடிவான எழுத்தில் எழுதினேன்:
கொம்பனி.